நீகர் எனப்பட்ட சிமியோனும் சிறாம்பியடி மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், அந்தியோகியாத் திருச்சபையில் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாய் விளங்கிய ஐவரின் பெயர்களை வரிசையாகத் தருகின்றது. பர்னபாவின் பெயர் முதலிலும் சவுலின் பெயர் இறுதியிலும் உள்ளன. இரண்டாவதாக இடம்பெறுபவர் நீகர் எனப்பட்ட சிமியோன். மூன்றாமவர் வட ஆப்பிரிக்காவிலுள்ள சிரேனே ஊரினரான லூகி. ‘நீகர்’ என்பது கறுப்பர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். யூதப் பெயரும் இலத்தீன் பட்டப்பெயரும் ஒருங்கே தாங்கிய இச்சிமியோன் ஆப்பிரிக்க வழியினராதல் கூடும் என விளக்கவுரையாளர் பலர் கருதுவர். சவுலின் மீதும் பர்னபாவின் மீதும் கைகளை வைத்து அவர்களைத் திருப்பணிக்கு அனுப்பிய குழுவில் அவரும் ஒருவர். புறவினத்தாரிடையே நற்செய்திப் பணி தொடங்கிய அந்த வேளையிலேயே, பிறர் இட்ட பெயரைச் சுமந்த ஒரு கறுத்த மனிதரின் கையும் அதில் இருந்தது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

ஆப்பிரிக்க உடலும் இலத்தீன் வழி மொழியும் கிறிஸ்தவ வழிபாடும் ஒன்றாய்க் கலந்த மக்களை இன்று உலகம் ‘ஆப்பிரிக்க–இலத்தீனியர்’ என்று அழைக்கின்றது. இச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் பிரேசிலும் கியூபாவும் கொலம்பியாவும் தோன்றுகின்றன. நமக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையாகிய கோட்டைப்பட்டினத்திலோ மணமேல்குடியிலோ நின்று கிழக்கே நோக்கினால், பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கும் தீவிலேயே இத்தகைய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய வரலாறு நம்முடைய திருச்சபை வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. அப்பின்னலை இயன்றவரை பிரித்துக் காட்டுவதும், அதனால் நம் ஊழியத்துக்கு எழும் வினாக்களை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

1. கணக்கில் வராத மக்கள்

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்கக் கரையினின்று அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் செல்லும் கப்பல்களில் ஏற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் உயிரோடு கரையிறங்கியோர் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேர். அவர்களிலும் 48 இலட்சத்துக்கு மேற்பட்டோர் போர்த்துக்கீசியர் ஆண்ட பிரேசிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நாட்டில் அடிமைமுறை 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாளன்றுதான் ஒழிந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரேசில் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைக் கறுப்பர் என்றோ கலப்பினத்தவர் என்றோ பதிந்துள்ளனர்.

எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய சமூகமாயினும், தாம் யார் என்பதற்கு விடை கூறுவது இவர்களுக்கு எளிதாய் இருந்ததில்லை. மொழியால் இலத்தீனியர் என்றால் தோல் மறுக்கின்றது. தோலால் ஆப்பிரிக்கர் என்றால் மொழியும் வழிபாடும் வேறாக உள்ளன. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று சூழவுள்ள சமுதாயம் வற்புறுத்துகின்றது. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதை மறைத்தாக வேண்டும். மெக்சிகோ நாட்டில் ஆப்பிரிக்க வழியினர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்திருந்தும், அந்நாட்டின் முழுமையான குடிமதிப்பு அவர்களைத் தனியே கேட்டுப் பதிந்தது 2020ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டில் 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம்மை ஆப்பிரிக்க–மெக்சிகர் என்று அறிவித்தனர். முன்னும் அவர்கள் அங்கேயே இருந்தனர், கேட்பார்தான் இல்லை.

இலங்கையின் நிலையும் இதனை ஒத்ததே. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பு சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், செட்டிகள், பரதர் என்று வகுத்துக் காட்டியது. ஆப்பிரிக்க வழியினருக்கு அங்குத் தனி வரிசை இல்லை. ‘ஏனையோர்’ என்பதற்குள் அவர்கள் அடங்கிப்போயினர்.

2. கீழ்த்திசைக்கு வந்த கப்பல்கள்

அட்லாண்டிக் கடலில் அடிமைகளை ஏற்றிச் சென்ற அதே போர்த்துக்கீசியர், இந்துமாக் கடலிலும் அவ்வணிகத்தை நடத்தினர். மொசாம்பிக் கரையினின்று கோவாவுக்கும் கொச்சிக்கும் கொழும்புக்கும் ஆப்பிரிக்கர் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் படைவீரராகவும் வீட்டு வேலையாட்களாகவும் சுமை தூக்குவோராகவும் பயன்படுத்தப்பட்டனர். கோவாவினின்று தப்பியும் விடுபட்டும் வந்தோர் வடகன்னட மாவட்டக் காடுகளில் குடியேறினர். சித்தியர் எனப்படும் அவர்களின் வழியினர் எல்லாப்பூர், ஹலியாள், முண்டகோடு ஆகிய வட்டாரங்களில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களிடையே இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் உளர். கர்நாடகச் சித்தியர் 2003ஆம் ஆண்டில் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டில் சாந்தாராம் சித்தி என்பவர் கர்நாடகச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார்.

கொச்சியில் வேறொரு வகையான நினைவு எஞ்சியுள்ளது. 1663ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அந்நகரைக் கைப்பற்றியபோது, போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதனைக் காவல் காக்கும் ஆவிகளாகும்படி தம் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று அங்கேயே புதைத்தனர் என்று மட்டாஞ்சேரி மக்கள் வழிவழியாகக் கூறுவர். அவ்வாறு மாண்டோரைக் ‘காப்பிரி முத்தப்பன்’ என்னும் பெயரால் வணங்கி விளக்கேற்றுவதும் அங்கு உண்டு. இச்செவிவழிச் செய்தியை ஆவணச் சான்றாகக் கொள்ளல் இயலாது. எனினும், கிறிஸ்தவ எசமானரால் கொல்லப்பட்டோருக்கு அயலார் விளக்கேற்றி வருகின்றனர் என்பது நாம் கடந்துபோகத்தக்க செய்தியன்று.

இலங்கையில் போர்த்துக்கீசியர் 1505ஆம் ஆண்டில் வந்திறங்கினர். அவர்களுடைய போர்களில் ஆப்பிரிக்க வீரர் பங்குகொண்டனர். அவர்களுள் சிலர் கண்டி மன்னரின் பக்கம் சேர்ந்தனர். 17ஆம் நூற்றாண்டில் கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ராபர்ட் நாக்ஸ், மன்னரின் மெய்க்காவலரில் ஆப்பிரிக்கரும் இருந்தனர் என்றும், மன்னர் தம் சொந்தக் குடிகளைவிட அவர்களை மிகுதியாக நம்பினார் என்றும் 1681ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் குறித்துள்ளார்.

1656ஆம் ஆண்டில் கொழும்பு ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. ஆட்சி மாறியும் அடிமைமுறை மாறவில்லை. ஒல்லாந்தக் கம்பெனியார் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்றே வழங்கிற்று. தமிழில் அதற்குக் கொம்பனித்தெரு என்று பெயர். அடைபட்டவர்களை ஒரு மொழி நினைவில் வைத்தது. நம் மொழியோ கம்பெனியை மட்டுமே நினைவில் வைத்தது.

ஆங்கிலேயர் வந்தபின், ஆளுநர் பிரெடெரிக் நார்த்தின் காலம் (1798–1805) தொடங்கி, கோவா, மொசாம்பிக் ஆகிய இடங்களினின்று ஆப்பிரிக்கர் விலைக்கு வாங்கப்பட்டுப் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டனர். பின்னாளில் அவர்கள் இலங்கைத் துப்பாக்கிப் படையில் இணைக்கப்பட்டனர். அப்படை 1873ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. மன்னாருக்குத் தெற்கேயுள்ள புத்தளத்தில் காவற்பணியில் இருந்த ஆப்பிரிக்க வீரர்கள் அவ்வட்டாரத்திலேயே குடும்பங்களோடு தங்கிவிட்டனர். அவர்களின் வழியினரே புத்தளத்துக்கு அருகிலுள்ள சிறாம்பியடி என்னும் சிற்றூரின் மக்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருந்த ஆப்பிரிக்க வழியினர் அங்குள்ள போர்த்துக்கீசியப் பறங்கியரோடு மணவுறவு கொண்டு கலந்தனர்.

3. சோழமண்டலக் கரையின் பங்கு

இதுவரை கூறியது ஆப்பிரிக்கரின் துயரக்கதை என்றும், நாம் அதனை வெளியே நின்று காண்போர் என்றும் எவரேனும் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதற்கு வரலாறு இடம் தரவில்லை.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அதனை அடுத்துத் தஞ்சை நாட்டில் போரும் பஞ்சமும் மக்களை வாட்டின. ஊர்கள் பாழாயின, பசியால் வாடியோர் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கலாயினர். 1659 முதல் 1661 வரையிலான குறுகிய காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களில் ஒல்லாந்தக் கம்பெனியார் வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் வரை என ஆய்வாளர் மதிப்பிடுவர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர்.

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாளன்று அமைக்கப்பட்டபோது, அறந்தாங்கி வட்டாரம் தஞ்சை மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டு இதனோடு சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள நம் மாவட்டக் கடற்கரையும் அவ்வாறு நமக்கு வந்ததே. ஆகையால் தஞ்சையின் பஞ்சத்தை அயலூர்ச் செய்தியாகக் கொள்ளுதல் நமக்குப் பொருந்தாது. சோழமண்டலக் கரையினின்று விலைக்குச் சென்ற தமிழரும் மொசாம்பிக்கினின்று விலைக்கு வந்த ஆப்பிரிக்கரும் ஒரே எசமானரின் கீழ் ஒரே தீவில் உழைத்தனர். அவர்கள் எசமானரோடு பேசியதும், பலவேளைகளில் தமக்குள் பேசியதும், சிதைந்து எளிமைப்பட்ட அதே போர்த்துக்கீசிய மொழியே.

அடிமைமுறை வெளிநாட்டார் மட்டுமே கொண்டுவந்த தீமை எனவும் கூறல் ஆகாது. 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்சு என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமை என்னும் சட்டமாக்கினார். அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் விதிகள் அதில் ஒரு பகுதியாய் இடம்பெற்றன. அவ்விதிகள் தமிழர் தமிழரையே அடிமைகொண்ட வழக்கத்தினின்று எடுக்கப்பட்டவை. தலைமை நீதிபதியான அலெக்சாண்டர் ஜான்ஸ்டனின் முயற்சியால், 1816ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் உரிமை பெற்றோராயிருப்பர் என அடிமை உடையோர் பலர் ஒப்புக்கொண்டனர். எனினும் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றிலும் ஒழிய 1844ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டின் வயல்களில் நிலவிய அடிமைநிலை, 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்துக்குப் பின்னும் வேறு பெயர்களில் தொடர்ந்ததை நாம் அறிவோம்.

4. தரங்கம்பாடியின் முதல் ஐவர்

யாழ்ப்பாணத்தில் அடிமைகளைப் பற்றிய விதிகள் ஏட்டில் ஏறிய அதே 1707ஆம் ஆண்டில், தரங்கம்பாடியில் வேறொரு நிகழ்ச்சி நடைபெற்றது. முந்திய ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் மே 12ஆம் நாளன்று தம் பணியின் முதற்கனிகளாக ஐவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தனர். அவ்வைவரும் அங்கிருந்த ஐரோப்பியரின் அடிமைகள். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கத்தைக் குறித்து நாம் விழாக்களில் பேசும்போது அச்சகத்தையும் புதிய ஏற்பாட்டையும் புதிய எருசலேம் ஆலயத்தையும் குறிப்பிடுகிறோம். முதலில் திருமுழுக்குப் பெற்றோர் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர் என்பதை எத்தனை பேர் குறிப்பிடுகிறோம்?

அந்நாள் தரங்கம்பாடியின் ஐரோப்பியர் வீடுகளில் வழங்கிய மொழி பெரும்பாலும் கலப்புப் போர்த்துக்கீசியமே. ஆகவே முதல் மிஷனெரிகள் இருமொழிகளில் பணி தொடங்கினர். சீகன்பால்கு தமிழிலும் புளூட்சோ போர்த்துக்கீசியத்திலும் சிறப்பாக ஈடுபட்டனர். தமிழ்ச் சபையோடு போர்த்துக்கீசிய மொழிச் சபை ஒன்றும், அம்மொழிப் பள்ளியும் அமைந்தன. அச்சபையினர் ஐரோப்பியக் குடும்பங்களின் வேலையாட்களும் கலப்பினத்தவருமாவர். காலப்போக்கில் அச்சபை மறைந்தது. அதனை நம் வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

ஆயினும் அச்சபையின் பொருட்டுத் தரங்கம்பாடி அச்சகம் செய்த பணி கடல் கடந்து நிலைத்தது. போர்த்துக்கீசிய மொழியில் திருமறையை மொழிபெயர்த்தவர் ஜோவான் பெரைரா தெ அல்மைதா. ஒல்லாந்தச் சபையின் போதகரான இவர் இலங்கையிலும் தூத்துக்குடியிலும் சிலகாலம் ஊழியம் செய்தவர். இவருடைய புதிய ஏற்பாடு 1681ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. இவருடைய மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய ஏற்பாட்டின் பல பகுதிகள் 18ஆம் நூற்றாண்டில் நம் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டன. இன்று பிரேசில் நாட்டின் சீர்திருத்தச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் மிகுதியாகப் படிப்பது அல்மைதாவின் பெயரால் வழங்கும் திருமறையையே. அச்சபைகளில் பெருந்தொகையினர் ஆப்பிரிக்க வழியினர். அவர்கள் கையிலுள்ள வேதத்தின் வரலாற்றில் ஓர் அதிகாரம் காவிரிப் படுகையின் கடற்கரையில் எழுதப்பட்டது என்பதை அவர்களும் அறியார். நம்மிலும் பலர் அறியோம்.

இலங்கையிலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. 1814ஆம் ஆண்டில் அங்கு வந்த வெஸ்லியன் மிஷனெரிமார் இலங்கைப் போர்த்துக்கீசியத்தைக் கற்று அதில் பிரசங்கித்தனர். அவர்களுள் ஒருவரான ராபர்ட் நியூஸ்டெட் அம்மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1826ஆம் ஆண்டில் கொழும்பில் அச்சாயிற்று. கற்றோர் கொச்சை என்று இகழ்ந்த மொழி, நற்செய்தியைத் தாங்கும் தகுதியுடையது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இப்பெருமைகளைக் கூறும் நாம் இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய தென்மார்க்கு அரசின் கொடியே கரிபியக் கடலின் புனித தோமா தீவிலும் பறந்தது. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் மாண்டுகொண்டிருந்தனர். ஹாலே நகரில் கல்வி பயின்றபோது தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு ஊக்கம் பெற்ற சின்சென்டார்ப் பிரபு, 1731ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் அந்தோன் என்னும் ஆப்பிரிக்க அடிமையைச் சந்தித்தார். தம் தீவிலுள்ள உடன்பிறந்தோருக்கு நற்செய்தி கூற எவரும் இல்லையென அந்தோன் முறையிட்டதன் விளைவாக, 1732ஆம் ஆண்டில் மொரேவியச் சபையார் அங்குச் சென்றனர். அவர்கள் அடிமைகளோடு அமர்ந்து கற்பித்தனர். அதற்காகத் தோட்டக்காரரின் பகையையும் தாங்கினர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்த மிஷனே தோட்டம் ஒன்றை வாங்கி, அதில் அடிமைகளையும் வைத்துக்கொண்டது. அத்தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றது 1848ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாளன்று. அதுவும் அவர்கள் தாமே கிளர்ந்தெழுந்து கேட்டதன் பின்னரே.

ஆன்மாவுக்கு விடுதலை, உடலுக்கு விலங்கு என்னும் இப்பிளவு, மிஷனெரிமாரின் தனிப்பட்ட குறை என்று ஒதுக்கத்தக்கதன்று. திருமுழுக்கினால் சமுதாய நிலை மாறவேண்டியதில்லை என்னும் போதனை அக்காலச் சபைகள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. பின்னாளில் நம் ஆலயங்களில் சாதிக்கொரு பக்கம் இருக்கை ஒதுக்கியோரும், திருவிருந்தில் முன்பின் பார்த்தோரும் சாய்ந்து நின்றது இதே போதனையின் மீதுதான்.

5. பாட்டாக எஞ்சிய நினைவு

சிறாம்பியடியில் வாழும் குடும்பங்கள் மிகச் சிலவே. அவர்கள் உரோமன் கத்தோலிக்கர். மூத்தோருக்கு இலங்கைப் போர்த்துக்கீசியம் தெரிந்திருந்தது; இளையோர் அன்றாடம் பேசுவது சிங்களம். சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு மிகுந்தமையால், தலைமுறைதோறும் சுருண்ட முடியும் கறுத்த நிறமும் குறைந்து வருகின்றன. மூதாதையர் எவ்வூரினர், எக்குலத்தினர், எந்த ஆப்பிரிக்க மொழியைப் பேசினர் என்பதற்கு அவர்களிடம் ஏடு இல்லை. அடிமைக்கு ஏடு எழுதுவது எசமான். எசமான் எழுதியது விலையையும் வேலையையுமே.

அவர்களிடம் எஞ்சியிருப்பது பாட்டு. ‘மஞ்ஞா’ எனப்படும் அப்பாடல்களை ரபானும் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் புட்டியும் தாளமாகக் கொண்டு பாடுவர். மெதுவாகத் தொடங்கும் பாட்டு படிப்படியாக விரைவு பெற்று ஆட்டத்தில் முடியும். பாடுவோருள் பலருக்குச் சொற்களின் பொருள் முழுதும் விளங்குவதில்லை. ஆயினும் விடாது பாடுகின்றனர். பொருள் தெரியாத பாட்டு வெறும் ஓசையே என்று சிலர் கூறலாம். ஆனால் மொழியும் ஊரும் பெயரும் பறிக்கப்பட்ட ஒரு குலம், ‘நாங்கள் இன்னார்’ என்று அறிவிக்கத் தன்னிடம் எஞ்சிய ஒரே சான்றாக அதனைக் காத்து வருகின்றது. பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் உட்கார்ந்தோரின் சங்கீதத்தைப் பொருளுணர்ந்து வாசிக்கும் நாம் இதனை விளங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

இலங்கையின் ‘பைலா’ இசை போர்த்துக்கீசிய, ஆப்பிரிக்க மரபுகளின் சேர்க்கையால் உருவாயிற்று. 1970களில் ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ தமிழ்நாட்டின் திருமண வீடுகளிலும் பள்ளி விழாக்களிலும் ஒலிக்காத இடமில்லை. அத்தாளத்துக்குக் கைதட்டிய நம் மக்கள், அதில் அடிமைக் கப்பலில் வந்தோரின் பங்கும் உண்டு என்பதை அறிந்திலர். அவர்களின் பாட்டை ஏற்றோம், அவர்களை அறியவில்லை.

அவர்களுக்கு வழங்கும் ‘காப்பிரி’ என்னும் பெயரையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். அது அராபிய மொழியில் இறைநம்பிக்கை அற்றவர் எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. அராபிய வணிகரிடமிருந்து போர்த்துக்கீசியர் அதனைப் பெற்று ஆப்பிரிக்கர் அனைவருக்கும் இட்டனர். தலைமுறைகளாகக் கிறிஸ்துவை வணங்கும் மக்கள் ‘நம்பிக்கையற்றோர்’ என்னும் பெயரைச் சுமக்கின்றனர். தென்னாப்பிரிக்காவில் இது நீதிமன்றத் தண்டனைக்குரிய இழிசொல். இலங்கையிலோ அம்மக்களே அதனைத் தம் குலப்பெயராக ஏற்றுத் தலைநிமிர்ந்து கூறுகின்றனர். இழிவாக இடப்பட்ட பெயரை அடையாளமாக மாற்றிக்கொள்ளும் உரிமை அதனைச் சுமப்போருக்கு உண்டு; புறத்தே நிற்போருக்கு அதனை எறியும் உரிமை இல்லை. நம் ஊர்களில் கறுத்த மேனியும் சுருண்ட முடியும் உள்ள பிள்ளைகளை இத்தகைய சொற்களால் கேலி செய்வது இன்றும் உண்டு. ஞாயிறு பள்ளியிலும் அது நிகழுமாயின், அங்குப் போதகரின் மௌனம் ஒரு போதனையாகிவிடுகின்றது.

6. நம் மாவட்டத் திருச்சபைக்கு எழும் வினாக்கள்

காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்சேர்க்கப்பட்ட காலத்தில் திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் திரளானோர் இலங்கைக்குச் சென்றனர். அங்கு அவர்கள் ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்டனர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி, ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகவும், எஞ்சியோரைப் பின்னர் முடிவு செய்வதாகவும் எழுதப்பட்டது. அவ்வாறு தாயகம் திரும்பியோரை நம் ஊரார் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தனர். 1983ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் அகதிகளாக வந்தோர் நம் மாவட்டத்தில் லேணாவிளக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லை ஆகிய இடங்களிலுள்ள முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு இவற்றை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. இம்மண்ணிலே பிறந்து இம்மண்ணிலே பள்ளி சென்றும், குடியுரிமை பெறாத இளைஞர் அங்கு உளர்.

அடிமைத்தனமும் அகதிநிலையும் ஒன்றல்ல. ஒன்றை மற்றதனோடு சமன்படுத்துதல் இரு சாராருக்கும் அநீதியாகும். ஆயினும் ‘நீ எவ்வூரான்?’ என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாத நிலை இருவருக்கும் பொது. அத்தகையோருக்கு ஊழியம் செய்ய அழைக்கப்பட்ட நாம் பின்வருவனவற்றைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, பெயர். எத்தியோப்பியனான எபெத்மெலேக்கு எரேமியாவைக் குழியினின்று தூக்கிவிட்டான். அவன் பெயருக்கு ‘அரசனின் ஊழியன்’ என்பதே பொருள்; அவன் தாய் இட்ட பெயர் நமக்குத் தெரியாது. இருப்பினும் ஆண்டவர் அவனுக்கெனத் தனியே ஒரு வாக்குத்தத்தம் அருளினார் என எரேமியா 39ஆம் அதிகாரம் கூறுகின்றது. நம் சபையாரை ‘முகாம்காரர்’, ‘சிலோன்காரர்’ என்று வகைப்பெயரால் அழைக்காது, அவரவர் பெயரால் அழைப்பதே மேய்ப்பனின் முதற்பணி.

இரண்டாவது, பதிவேடு. நம் பழைய சபைகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் செல்லரித்து அழிந்துவருகின்றன. தந்தை பெயர் இல்லாதோர், தொழிலால் மட்டும் குறிக்கப்பட்டோர், பிற ஊரினின்று வந்து சேர்ந்தோர் ஆகியோரின் சுவடுகளை அவற்றில்தான் காணக்கூடும். இறையியல் மாணவர் தம் ஆய்வேடுகளுக்கு மேலைநாட்டு அறிஞரின் கருத்துகளைத் தொகுப்பதோடு நில்லாது, ஒரு பழைய சபையின் ஏட்டையேனும் வரிவரியாகப் படித்துப் பிரதி செய்வாராயின் பெரும்பயன் விளையும்.

மூன்றாவது, கலப்பு. சபைக்குள்ளேயே மணமகன், மணமகள் தேடும்போது ‘கலப்பில்லாத குடும்பம்’ என்று பெருமையாகக் கூறும் வழக்கம் உளது. மோசே எத்தியோப்பிய தேசத்துப் பெண்ணை மணந்ததைப் பழித்த மிரியாம் அடைந்த கண்டனத்தை எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் விளக்குகின்றது. போர்த்துக்கீசியச் சபையும் தமிழ்ச் சபையும் ஒருங்கே பிறந்த தரங்கம்பாடியின் மரபில் வந்த நாம், கலப்பைக் களங்கம் என்று பேசுவோமாயின் நம் பிறப்பையே மறுப்போராவோம்.

நான்காவது, பாட்டு. முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகள் தம் பெற்றோரிடம் கற்ற இலங்கைக் கிறிஸ்தவப் பாடல்களைத் தம் ஊர் இராகத்திலேயே ஆலயத்தில் பாட இடம் தரல் வேண்டும். நம் இராகத்துக்கு அவற்றைத் திருத்த வேண்டியதில்லை.

முடிவுரை

அந்தியோகியாவில்தான் சீடர் முதன்முதலில் கிறிஸ்தவர் என்னும் பெயர் பெற்றனர். அப்பெயரும் பிறர் இட்டதே. அச்சபையின் போதகர் பட்டியலில் லேவியனும், கறுப்பர் எனப்பட்டவரும், ஆப்பிரிக்க ஊரினரும், அரசனோடு வளர்க்கப்பட்டவரும், பரிசேயனும் இடம்பெற்றனர். சிமியோனின் பட்டப்பெயரை லூக்கா நீக்கிவிடவில்லை. அதனை அவர் போதகர் என்னும் பணியோடு சேர்த்தே எழுதினார். சபைக்கு வெளியே அப்பெயர் எவ்வாறு வழங்கிற்றோ அறியோம். சபைக்குள் அது மதிப்புக்குரிய ஒரு மூப்பரின் பெயராயிற்று.

தரங்கம்பாடியில் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரையும், சிறாம்பியடியில் மஞ்ஞா பாடும் குடும்பங்களையும், அல்மைதாவின் வேதத்தை ஏந்திப் பிரேசிலில் ஆராதிக்கும் கறுத்த விசுவாசிகளையும் நம் பொதுமன்றாட்டுகளில் நினைவுகூர்தல் தகும். மே 12ஆம் நாளை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். அன்று அந்த ஐவரின் வரலாற்றைச் சபையாருக்கு எடுத்துரைத்து, அவர்கள் விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வாழ்ந்தவர்கள் என்பதை மறையாது கூறி, நம் மாவட்டத்து முகாம்களிலுள்ள விசுவாசிகளுள் ஒருவரை அன்றைய திருமறைப் பகுதியை வாசிக்க அழைப்போமாக.